ஏலம் போன எலுமிச்சை

ஒன்பது எலுமிச்சம்பழங்கள்! விலை என்ன தெரியுமா, தோழர்களே? 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்! விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ப் பகுதியில், ஒரு முருகன் கோயிலின் பங்குனி உத்திர விழாவில், வேலில் குத்திவைத்த பழங்களை 2024இல் ஏலம் விட்டனர். முதல் நாள் பழம் மட்டும் 50,500 ரூபாய்க்குப் போயிற்று. உண்டால் பிள்ளை பிறக்குமாம்!

ஏலம் கேட்டவர்களை நாம் எள்ளி நகையாடவில்லை. பிள்ளையில்லாதார் ஏக்கத்தையும், ஊரார் நாக்கின் கூர்மையையும் அறிவோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். இத்தகைய பழத்துக்குப் பணம் எண்ணிவைக்கும் கணவர்களில் எத்தனை பேர், சில நூறு ரூபாயில் முடியும் விந்துச் சோதனையைச் செய்துகொண்டவர்கள்?

திண்டிவனத்துச் சந்தையிலும் விழுப்புரத்துத் தெருவிலும் 'மலடி' என்ற சொல் காதில் விழாத பெண் உண்டா? 'மலடன்' என்ற சொல் அகராதியில் உறங்குகிறது! யாகத்துப் பாயசம் பருகியவர்கள் யார்? அரசியர் மூவர்! முதுமை எய்திய தசரதனுக்கு ஒரு கரண்டியேனும் ஊற்றினார்களா? குறை அவனிடம் இருக்கலாம் என்ற ஐயமே அந்தக் கதையில் எழவில்லை.

அறிவியலோ வேறு கணக்குச் சொல்கிறது. பிள்ளையில்லாத இணைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் காரணமாக நிற்கிறது. ஒரு மில்லி லிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், நூற்றுக்கு 42 அசைவுடன் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த கீழ் அளவு. அதற்குக் குறைந்தாலே மலட்டுத்தன்மை என்று பொருளல்ல. மருத்துவரைக் காணவேண்டும் என்றே பொருள்.

சரி, கோயிலை விட்டுச் சோதனைக்குழாய்க்கு வந்தவர்களாவது தெளிந்தார்களா? அங்கும் ஊசி அவளுக்கே! நாள்தோறும் மருந்தேற்றி, முட்டைப்பையில் ஊசி செலுத்தி முட்டைகளை எடுக்கிறார்கள். கரு தங்காவிட்டால், "அவள் கருப்பை சரியில்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

1978இல் இங்கிலாந்தில் எட்வர்ட்சும் ஸ்டெப்டோவும் முதற் குழந்தையைத் தந்தபோது, தட்டிலிட்ட முட்டையை விந்தணு தானே துளைத்தாகவேண்டும். வலுவற்ற விந்தணுவுக்கு அந்த முறை கைகொடுக்கவில்லை. 1992இல் பிரசெல்சு நகர ஆய்வாளர்கள் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தி வெற்றி கண்டதை அறிவித்தனர். விந்தில் அணுவே இல்லாத ஆடவர் சிலருக்கும், விரையிலிருந்து எடுத்த அணுவால் பிள்ளை பிறக்க வழி பிறந்தது. என்னே மனித அறிவின் ஆற்றல்!

எனினும் ஊசிக்கும் எல்லை உண்டு. விந்தணுவை உள்ளே நுழைக்கலாம். அதனுள் சிதைந்து கிடக்கும் மரபிழையை ஊசி ஒட்டவைக்காது. முட்டை ஓரளவு செப்பனிடும்; அதற்கும் வயதாகியிருந்தால் அதுவும் குறையும். இரண்டு மூன்று நாள் செழித்த கரு, தந்தையின் மரபணு வேலையைத் தொடங்கும் கட்டத்தில் தடுமாறி நின்றுவிடலாம். சிதைவு மிகுந்த விந்தணுவால் கருச்சிதைவுக்கான வாய்ப்பும் கூடுகிறது. அப்போதும் பழி யார் தலையில்? அவள் தலையில்!

புகையிலையும் பீடியும் அந்த இழையைச் சிதைப்பவை. விரையில் நரம்பு புடைத்து வெப்பம் ஏறுவதும் அப்படியே. இதைப் பலருக்கு அறுவையால் சரிசெய்யலாம். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகவே சிகிச்சைக்கு மூன்று திங்கள் முன்பே கணவன் புகையை விட்டாகவேண்டும். மனைவி ஊசிக்குக் கை நீட்டியிருக்க, இவர் வாசலில் பீடி பற்றவைப்பதா ஆண்மை?

2021இல் இந்திய அரசு கருத்தரிப்பு மையங்களுக்குச் சட்டம் இயற்றி, பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு கட்டியது. ஆணுக்கும் வரம்பு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புகிறது, மாமியார்தான் ஒப்பவில்லை!

இளைஞர்களே, அடுத்த பங்குனியில் ஏலம் கேட்கப் புறப்படும் அண்ணன்மார் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். திண்டிவனம் சாலையில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கையைப் பிடித்து முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். அண்ணி வீட்டிலேயே இருக்கட்டும். முதற் சோதனை அவருக்கு!