நட்சத்திரம் பிடிக்க இலட்ச ரூபா வேண்டாம்

"நட்சத்திரங்களைப் படம் எடுக்கிறேன்" என்றால் தோழியர் உடனே கேட்பது, "அதுக்குப் பெரிய கெமரா வேணுமே?" என்றுதான். வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

நான் தொடங்கியது 2022 மின்வெட்டுக் காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட வெட்டினார்கள். ஊரே இருண்டு கிடக்க, உம்மாவின் போனோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். "இருக்கிற சார்ஜே கொஞ்சம், அதுவும் இதுக்கா?" என்று உம்மா ஏசினார். நியாயம்தான்.

ட்ரைபொட் இல்லை. பழைய காலுறையில் மணலை நிரப்பி அதில் போனைச் சாய்த்தேன். கெமராவின் 'ப்ரோ' பகுதியில் ஐ.எஸ்.ஓ. 800, நேரம் 30 செக்கன். விரல் பட்டு அசையாதிருக்க டைமர். படத்தைப் பெரிதாக்கினால் நட்சத்திரங்கள் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தன. போன் பழுது என்றே நினைத்தேன். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதைத்தான் அது பிடித்திருந்தது! நேரத்தை 15 செக்கனாகக் குறைத்ததும் புள்ளிகளாயின.

மேற்கே ஓரியன். என் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்தவற்றில் திருவாதிரை செம்மஞ்சளாகவும் ரைஜல் நீலவெள்ளையாகவும் படத்தில் விழுந்திருந்தன. ரைஜல் என்ற பெயரே அரபியில் கால் எனப்படும் 'ரிஜ்ல்'தான். அரபுப் பாடத்தில் மனனமிட்ட சொல் அங்கே மின்னிக்கொண்டிருந்தது.

நிலவுக்கு இந்த அளவுகள் சரிவராது. வெள்ளைத் தட்டுத்தான் மிஞ்சும். அது வெயில் படும் நிலம். ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்துப் பாருங்கள்.

கடைகளில் பெரிய உருப்பெருக்கம் சொல்லி விற்கும் மலிவுத் தொலைநோக்கிகளை வாங்க வேண்டாம். அவற்றின் கால்கள் ஆடும். ஆடும் காலில் எந்த வில்லையும் பயன்படாது. அந்தப் பணத்துக்கு உறுதியான ட்ரைபொட் ஒன்று வாங்கலாம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பொம்பிளப் புள்ளைக்கு ராவைக்கு மாடியில் என்ன வேலை?" என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. தடுக்காதீர்கள், கூடவே வாருங்கள். காவலுக்கென்று வந்த வாப்பாதான் இப்போது எனக்காகச் செக்கன் எண்ணுகிறார்.

எமது கல்லூரி மைதானத்திலும் விளக்குகளை ஒரு மணித்தியாலம் அணைத்து, பெற்றோரையும் அழைத்து ஓர் இரவு வைக்கலாமே. மே மாதம் தோதானது. முன்னிரவிலேயே தெற்கில் தென்சிலுவை நன்றாகத் தெரியும்.