எட்டாவது சர்வர்

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததுமே, நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கணினிகள் தறிகெட்டு ஓட ஆரம்பித்தன. யாரும் கேட்காத பங்குகளை வாங்கிக் குவித்தன, விற்றுத் தள்ளின. 45 நிமிடங்களில் மொத்த நஷ்டம், 46 கோடி டாலருக்கும் மேல்!

என்ன நடந்தது? முந்தைய நாள்களில் புது மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் கையாலேயே ஏற்றினார். ஏழு முடிந்தது, ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அங்கே இல்லை. அந்த ஒற்றை சர்வரில், பல வருடங்களாகப் பயன்படாத பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பப் பயன்பட்ட அதே சிக்னலைத்தான் புது மென்பொருளுக்கும் கொடுத்திருந்தார்கள். ஆர்டர் வந்ததும் பழசு விழித்துக்கொண்டது.

சந்தை திறக்கும் முன்பே 97 மின்னஞ்சல்கள் பிழையைக் காட்டின. யாரும் பொருட்படுத்தவில்லை. பதற்றத்தில், ஒழுங்காக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புது மென்பொருளை நீக்கினார்கள். கேட்கவா வேண்டும்? அவையும் சேர்ந்து ஆடின. அடுத்த வருடமே நிறுவனம் கைமாறியது.

அந்த ஊழியரைத் திட்டிப் பயனில்லை. எட்டு இடத்தில் ஒரே வேலையைச் செய்தால் எவருக்கும் ஒன்று மறக்கும். இன்று அந்த வேலையை ‘பைப்லைன்’ பார்க்கிறது. எழுதிய நிரலை அதுவே சோதித்து, பொட்டலமாகக் கட்டி, குபர்நெட்டீஸிடம் ஒப்படைக்கும். கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டீஸிடம், ‘இந்தப் பதிப்பு, இத்தனை பிரதி’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு பிரதி விழுந்தாலும் அதுவே இன்னொன்றைக் கிளப்பிவிடும்.

அதன்மேல் 2018-ல் வந்தது கேநேட்டிவ். இது ‘சர்வர்லெஸ்’ வகை. சர்வரே இல்லை என்று அர்த்தமல்ல; வாடிக்கையாளர் யாரும் வராத நேரத்தில் செயலியின் பிரதிகளைப் பூஜ்யம்வரை குறைத்துவிடும், அவ்வளவுதான். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் தனியாக வைத்துக்கொள்ளும். நூறில் பத்துப் பேரை மட்டும் புதியதற்கு அனுப்பிப் பார்க்கலாம். சரியில்லையா, பழையதற்கே திருப்பிவிடலாம்.

ஆனால், பழசும் புதுசும் ஒரே நேரத்தில் ஓடியதுதானே நைட் கேப்பிட்டலைக் கவிழ்த்தது? ஆமாம். ஒரே சிக்னலுக்கு இரண்டும் வேறு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டால், பத்து சதவிகிதம் என்று பிரித்து அனுப்பினாலும் அதே கதைதான். அதைப் பிடிக்கும் சோதனையை யாராவது எழுதிச் சேர்த்திருந்தால்தான் பைப்லைன் அங்கே நிற்கும். இல்லாவிட்டால், பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.