பேரீச்சம்பழத்துக்குப் போகாத இரும்பு

கோவை கணபதியில் என் நண்பர் ஒருவர், ஊரெல்லாம் எடைக்குப் போடுகிற பழைய இரும்பை எடைக்கு வாங்கி வந்தார். ஒரு பாலிடெக்னிக்கில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆன சி.என்.சி. மில்லிங் மெஷின். டெம்போவிலிருந்து இறங்கியதும் அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி:

‘‘இதுல மாவு அரைக்கலாமுங்களா?’’

இந்த மெஷின்களுக்கு உடம்பு கெடுவதற்கு முன்னால் மூளை போய்விடும். வார்ப்பிரும்பு உடம்பு முப்பது வருஷம் அனாயாசமாகத் தாங்கும். கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கிற துக்கினியூண்டு பேட்டரி தாங்காது. அது தீர்ந்தால் மெமரியில் இருந்த பாராமீட்டரெல்லாம் காலி. மெஷினுக்குத் தான் யார் என்பதே மறந்துவிடும். போர்டு கேட்டால், ‘‘அந்த மாடல் நின்னு போச்சு சார்’’ என்பார்கள். (வாங்குமுன் டயல் கேஜ் வைத்து ஸ்க்ரூவில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேய்ந்த ஸ்க்ரூவை எந்தக் கன்ட்ரோலரும் புதிசாக்காது.)

புது மூளை இனாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990-களில் எழுதிய சாஃப்ட்வேரின் வாரிசு அது. அங்கே அரசாங்கம் எழுதியதற்குக் காப்பிரைட் கிடையாது, ஊருக்கே பொது. இ.எம்.சி. என்று இருந்த பெயரை, அதே பெயருள்ள கம்பெனி 2011-ல் ஆட்சேபிக்க, லினக்ஸ் சி.என்.சி. ஆயிற்று. பிரின்டர் மாட்டும் 25 பின் சாக்கெட் உள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும். டிரைவும் ஒயரும்தான் செலவு.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவ் ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தால் 2,000. ஒரு சுற்றுக்கு ஸ்க்ரூ டேபிளை 5 மி.மீ. நகர்த்தும். ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். இதைத் தப்பாக 200 என்று போட்டால், பத்து மி.மீ. கேட்டால் ஐந்துதான் நகரும்.

முதல் ஓட்டத்துக்கு நானும் போயிருந்தேன். எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் உண்டு. நண்பர் கீபோர்டில் அம்புக்குறியைத் தொட, டேபிள் ஜம்மென்று நகர்ந்தது. கை தட்டினோம். மறுபடி தொட்டார். விரலை எடுத்தார். டேபிள் நிற்கவில்லை.

ஒயர் இல்லாத கீபோர்டு. கீயை விட்ட சேதி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஷெட்டோ சின்னது, டேபிள் முனைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த முனையில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான், எட்டாவது படிக்கிற அவர் பையன்.

நண்பர் பேனலில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. பொத்தான் அழகாக உள்ளே போயிற்று, அவ்வளவுதான். பின்னால் ஒயரே இல்லை! ‘‘கடைசியா மாட்டிக்கலாம்னு இருந்தனுங்க’’ என்று அப்புறம் சொன்னார். சுவர் பிளக்கைப் பிடுங்கியவர், மாவு அரைக்கலாமா என்று கேட்டாரே, அவர்தான். பையன் கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி போகிற இடம் இருந்தது. அன்றைக்கு யாரும் மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதை மட்டும் செய்தார். இப்போது பொத்தான் கம்ப்யூட்டரிடம் பர்மிஷன் கேட்பதில்லை. அமுக்கினால் கான்டாக்டர் விழுந்து டிரைவுக்குப் போகிற கரன்ட்டே நிற்கும், கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும். ஒயர் அறுந்தாலும் அமுக்கினதாகவே அர்த்தம். டேபிளின் இரண்டு கோடியிலும் லிமிட் சுவிட்ச். மெஷினைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டாயிற்று. கீபோர்டுக்கு வால் வந்துவிட்டது.

போன வாரம் முதல் உருப்படி: அலுமினியத் தகட்டில் வீட்டுக்கு நேம் போர்டு. எழுத்தெல்லாம் அச்சு அசல், ஆனால் ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியிருப்பது மாதிரி இடவலம் மாறியிருந்தது. 400-க்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டதும் சரியாகிவிட்டது. இரண்டாவது போர்டு வாசலில் தொங்குகிறது.

முதல் போர்டையும் அவர் மனைவி வீணாக்கவில்லை. பீரோ கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது.