ஒரே பெயரில் பல யந்திரங்கள்

முத்திரை சேகரிப்பவரைச் சமூகம் மதிக்கிறது. நாணயம் சேகரிப்பவரை ஆராய்ச்சியாளர் என்றே அழைக்கிறது. ஒரே படமும் ஒரே நிறமும் கொண்ட இரண்டு முத்திரைகளின் ஓரத் துளைகளை எண்ணிப் பார்த்து, "இவை இரண்டும் வேறு வேறு" என்று ஒருவர் சொன்னால் நாம் வியப்புடன் தலையசைக்கிறோம். ஆனால் வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத இரண்டு பழைய வீடியோ விளையாட்டு யந்திரங்களின் மூடியைக் கழற்றி, உள்ளேயுள்ள சுற்றுப்பலகைகளை ஒப்பிடுபவரைக் கண்டால் மாத்திரம், "வயது போயும் விளையாட்டுப் புத்தி போகவில்லை" என்று சிரித்துவிடுகிறோம். இந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பது எனது கருத்து. அதேவேளை, அந்தச் சேகரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு குறையும் உண்டு. இரண்டையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சேகா நிறுவனத்தின் மெகா ட்ரைவ் யந்திரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1988 ஒக்டோபர் 29ஆம் திகதி யப்பானில் விற்பனைக்கு வந்த இந்த யந்திரம், 1989இல் ஜெனெசிஸ் என்ற பெயருடன் வட அமெரிக்காவுக்கும், 1990இல் ஐரோப்பாவுக்கும் சென்றது. மோட்டொரோலா 68000 என்ற மையச் செயலியும், ஒலி வேலைக்குத் துணையாக இசட்-80 என்ற மற்றொரு செயலியும், யமஹா நிறுவனத்தின் இசைச் சில்லும் அதன் உறுப்புகள். சேகா அதனை ஒருமுறை வடிவமைத்துவிட்டு அப்படியே அச்சடித்துக் கொண்டிருக்கவில்லை. உற்பத்திச் செலவைக் குறைப்பதற்காகச் சுற்றுப்பலகையை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டேயிருந்தது. பல சில்லுகள் ஒரே சில்லாக இணைக்கப்பட்டன, துணையுறுப்புகள் மாற்றப்பட்டன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் "வி.ஏ." என்று தொடங்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கம் உள்ளே பலகையைச் சேர்ந்தது. கடையில் பெட்டியை வாங்கியவர் அதனை அறிந்திருக்க வழியில்லை.

இந்தத் திருத்தங்களின் விளைவு காதுக்குத் தெரிந்தது. ஆரம்பகால யந்திரங்களில் இருந்த இசைச் சில்லு வை.எம். 2612. அதில் ஒரு குறைபாடு உண்டு. எண்களை ஒலியலையாக மாற்றும்போது, அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு தாவல் ஏற்படும். இதனால் மிக மெல்லிய ஒலிகள் இருக்கவேண்டியதிலும் பார்க்கப் பலமாகவும் சற்றுக் கரகரப்பாகவும் கேட்கும். பின்னர் வந்த வை.எம். 3438 வகையிலும், அதனை உள்ளடக்கிய கூட்டுச் சில்லுகளிலும் இந்தக் குறை பெருமளவு நீங்கியது. பொறியியலாளரைக் கேட்டால் பிந்தியதே சரியானது என்பார். ஆனால் முதல் வகை யந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு இசையமைத்தவரின் காதில் விழுந்தது அந்தக் கரகரப்புடன் கூடிய ஒலியல்லவா? அவர் விரும்பிய இசை எது? இது இசை வரலாற்றைச் சேர்ந்த கேள்வி. வெறும் பொழுதுபோக்குக் கேள்வியென்று தள்ளிவிட முடியாது.

1993இல் வந்த இரண்டாம் மாதிரி இந்தக் கேள்வியை மேலும் சிக்கலாக்கியது. முதல் மாதிரியின் பின்புறத் துளையிலிருந்து வந்தது ஒற்றைத் தட ஒலியே. ஸ்ரீரியோ ஒலி வேண்டுமானால் முன்புறத்தில் இருந்த தலையணி ஒலிப்பான் துளையையே நாட வேண்டும். அதனருகில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியும் இருந்தது. இரண்டாம் மாதிரியில் முன்புறத் துளையும் நகர்த்தியும் போய்விட்டன. பதிலாகப் பின்புறத்திலேயே ஸ்ரீரியோ ஒலி கிடைத்தது. காகிதத்தில் பார்த்தால் இது முன்னேற்றம். ஆனால் ஆரம்பகால இரண்டாம் மாதிரிகளின் ஒலிபெருக்கிச் சுற்று தரம் குறைந்தது. இசை கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்டது. நெடுங்காலமாகப் பலர் பழியை இசைச் சில்லின் மீதே போட்டார்கள். சில்லு வேறு, அதனைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிச் சுற்று வேறு; பிழை பெரும்பாலும் பின்னதில்தான் என்பது, பல பலகைகளை வரிசையாக வைத்து, ஒரே கார்ட்ரிட்ஜைப் போட்டு, ஒலியைப் பதிவு செய்து ஒப்பிட்ட பிறகே தெளிவாயிற்று. அந்த வேலையைச் செய்தவர்கள் தமது சொந்தப் பணத்தில் யந்திரங்களை வாங்கிச் சேர்த்த ஆர்வலர்கள்.

வன்பொருளில் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம் நீதிமன்றம் வரை சென்ற கதையும் இந்த யந்திரத்துக்கு உண்டு. சேகா பின்னர் வெளியிட்ட பலகைகளில் ஒரு பாதுகாப்புப் பரிசோதனையைச் சேர்த்தது. கார்ட்ரிட்ஜில் உள்ள நிரல் "சேகா" என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை உரிய இடத்தில் எழுதாவிட்டால் யந்திரம் இயங்காது. எழுதினால், இது சேகாவினால் அல்லது அதன் அனுமதியுடன் தயாரிக்கப்பட்டது என்ற வாசகம் திரையில் தோன்றும். சேகாவின் அனுமதியின்றி விளையாட்டுகளை வெளியிட்டுவந்த அக்கொலேட் என்ற கலிபோர்னிய நிறுவனம், 1991 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஒரு காட்சியைக் கண்டது. தனது "இஷிடோ" விளையாட்டைப் புதிய யந்திரம் ஏற்க மறுத்தது. பழைய யந்திரத்தில் அதே கார்ட்ரிட்ஜ் தடையின்றி ஓடியது. அக்கொலேட் தேவையான எழுத்துகளைத் தன் நிரல்களில் சேர்த்தது. சேகா வழக்குத் தொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் சேகாவுக்குச் சார்பாகத் தடையுத்தரவு வழங்கியது. ஆனால் 1992இல் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வேறு வழியில்லாத நிலையில், ஒரு யந்திரத்துடன் ஒத்தியங்குவதற்குத் தேவையானதை அறியும்பொருட்டு நிரலைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. மென்பொருட் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. அதன் உயிர்ச் சாட்சி எது? பரிசோதனை இல்லாத ஒரு பழைய யந்திரமும், பரிசோதனை உள்ள ஒரு புதிய யந்திரமும், அந்த ஒரு கார்ட்ரிட்ஜும். மூன்றையும் அருகருகே வைத்திருப்பவரிடம் வழக்கின் சான்றுப்பொருளே இருக்கிறது என்பேன்.

சேகா மாத்திரம் இப்படிச் செய்யவில்லை. 1983 யூலை 15இல் வெளிவந்த நின்டென்டோவின் ஃபமிகொம் யந்திரத்தின் முதல் தொகுதிகளில், கைப்பிடியின் பொத்தான்கள் சதுர வடிவ இறப்பரால் ஆனவை. அவை அழுத்தும்போது சிக்கிக்கொண்டதால் பின்னர் வட்டப் பிளாஸ்ரிக் பொத்தான்கள் வந்தன. இது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் ஒன்று உண்டு. அந்த ஆரம்பச் சில்லுகளில் இரைச்சல் ஒலியை உலோக ஓசைபோல ஒலிக்கச் செய்யும் வசதி இருக்கவில்லை. பிந்திய விளையாட்டொன்றை அந்த யந்திரத்தில் போட்டால் சில ஓசைகள் வேறாகவே கேட்கும். பத்து ஆண்டுகள் கழித்து, 1993இல், இதே யந்திரம் மறுவடிவம் பெற்றபோது யப்பானியருக்குப் புதிதாகத் தெளிவான வீடியோ இணைப்புக் கிடைத்தது. அமெரிக்கருக்கான மறுவடிவத்திலோ இருந்த வீடியோ இணைப்பும் நீக்கப்பட்டு, அன்டெனா வழி மாத்திரமே எஞ்சியது. ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே தோற்றம். இரண்டு நாட்டுப் பிள்ளைகள் இரண்டு விதமான படத்தைப் பார்த்தார்கள்.

பத்திரிகைக் காரியாலயத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இது புதுமையான விடயமன்று. ஒரே பெயரும் ஒரே திகதியும் தாங்கிய பத்திரிகை, மாலையில் வெளியூர்களுக்கென ஒருவிதமாகவும், நள்ளிரவு கடந்து நகரத்துக்கென வேறுவிதமாகவும் அச்சாகும். தலைப்பு மாறும், செய்தி இடம்மாறும், சில செய்திகள் காணாமலே போகும். ஆவணக் காப்பகத்தில் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு பதிப்புத்தான். பிற்காலத்து ஆய்வாளர் அதைப் புரட்டிப் பார்த்து, "அன்று மக்கள் படித்தது இதுதான்" என்று எழுதிவிடுவார். வெளியூர் வாசகன் படித்த பத்திரிகை வரலாற்றிலிருந்து மறைந்துவிடும். ஏட்டுப் பிரதிகளைத் தேடியலைந்து, ஒப்புநோக்கி, பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்த பதிப்பாசிரியர்கள் அஞ்சியதும் இதைத்தான். ஒரு பிரதியை மாத்திரம் பார்த்தவன் நூலைப் பார்த்தவனாகான்.

இனிச் சேகரிப்பாளர்களின் குறைக்கு வருகிறேன். ஒப்பிடும் வேலையில் பிறந்த அறிவு, காலப்போக்கில் "எது சிறந்தது?" என்ற ஒற்றைக் கேள்விக்குள் சுருங்கிவிட்டது. நின்டென்டோவின் சூப்பர் யந்திரத்தில் பல சில்லுகள் ஒன்றாக இணைக்கப்பட்ட பிந்திய பலகை கூர்மையான படத்தைத் தருகிறது என்ற செய்தி பரவியதும், எல்லோரும் அதைத் தேடத் தொடங்கினார்கள். மெகா ட்ரைவில் மேல்வளையத்தில் குறிப்பிட்ட ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்ட முதல் மாதிரியைத் தேடுகிறார்கள். தரம் குறைந்தவை என்று பட்டம் சூட்டப்பட்டவையோ உதிரிப்பாகங்களுக்காக உடைக்கப்படுகின்றன. அல்லது அவற்றின் ஒலிச் சுற்று அகற்றப்பட்டுப் புதியது பொருத்தப்படுகிறது.

நல்ல ஒலியைக் கேட்க விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்த மங்கலான ஒலியுள்ள யந்திரந்தானே ஏராளமான வீடுகளில் இருந்தது? விலை குறைந்ததனால் அதை வாங்க முடிந்த குடும்பங்கள் எத்தனை? அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இசை அந்த மங்கலான இசைதான். சிறந்த பிரதியை மாத்திரம் காப்பாற்றும் வரலாறு, வசதி படைத்தவரின் வரலாறாகவே முடியும்.

"இவையெல்லாவற்றையும் இன்று கணினியில் எமுலேட்டர் மென்பொருள் செய்துவிடுகிறதே, பழைய இரும்பு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். எமுலேட்டர் எந்த யந்திரத்தைப் போல நடிக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஜெனெசிஸ் பிளஸ் ஜி.எக்ஸ். என்ற மென்பொருளில் 2612 சில்லின் ஒலி வேண்டுமா, 3438 சில்லின் ஒலி வேண்டுமா என்று தெரிவு செய்யும் வசதி உண்டு. அந்த ஒரு வரித் தெரிவுக்குப் பின்னால், பலகைகளை ஒப்பிட்டும், சில்லுகளின் உடலைத் திறந்து நுணுக்குக்காட்டியில் படமெடுத்தும் ஆராய்ந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. மூலம் இல்லாமல் நகல் இல்லை.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. இந்தப் பலகைகளில் உள்ள மின்பகு கொள்ளளவிகள் முதுமையடைகின்றன. 1990இல் வந்த சேகாவின் கேம் கியர் கையடக்க யந்திரத்தில் அவை கசிந்து பலகையையே அரித்துவிடுவது யாவரும் அறிந்தது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பொக்ஸின் பெரும்பாலான பலகைகளில் கடிகாரத்துக்கான கொள்ளளவியும் அவ்வாறே கசிகிறது. முப்பது வயதான இரண்டு யந்திரங்கள் இன்று வேறுவேறாக ஒலித்தால், அது வடிவமைப்பின் வேறுபாடா, முதுமையின் வேறுபாடா என்று பிரித்தறிவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. இன்று செய்யாத ஒப்பீட்டை இன்னும் இருபது ஆண்டுகளில் நம்பிக்கையுடன் செய்ய முடியாது.

ஆகவே இத்துறை அன்பர்களிடம் கேட்பது பெரிய காரியமன்று. யந்திரத்தைத் திறந்தால், திருத்துவதற்கு முன்பே பலகையின் இரு பக்கத்தையும் படமெடுங்கள். பலகை இலக்கத்தையும், சில்லுகளின் மேலுள்ள நான்கிலக்கத் திகதிக் குறியையும் எழுதி வையுங்கள். "9112" என்றிருந்தால் அது 1991இன் பன்னிரண்டாம் வாரம். கழற்றிய உறுப்பு எது, பொருத்தியது எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளேயே ஒட்டிவிடுங்கள். மட்டமானது என்று பெயர் வாங்கிய பதிப்பில் ஒன்றையாவது கைவைக்காமல் விட்டுவையுங்கள். அருங்காட்சியகங்களும் தமது பட்டியலில் "மெகா ட்ரைவ், ஒன்று" என்று எழுதி நிறுத்தாமல், எந்த மாதிரி, எந்தப் பலகை என்பதையும் பதிய வேண்டும்.

நிறுவனங்கள் தமது யந்திரங்களைச் சத்தமின்றித் திருத்தியதைக் குற்றமென்று நான் சொல்லவரவில்லை. வியாபாரத்தின் இயல்பு அது. ஆனால் திருத்தியவர் சொல்லாததை ஒப்பிட்டுப் பார்ப்பவர்தாம் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுமாரி நிறைய யந்திரங்களை அடுக்கி வைத்திருப்பவர் வெறும் உரிமையாளர். இரண்டே யந்திரங்களை வைத்திருந்தாலும், அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைப் பார்த்து எழுதி வைப்பவரே சேகரிப்பாளர் என்ற பெயருக்குரியவர்.