ஆன்லைன் எம்.பி.ஏ: பணம் கட்டும் முன் சில கேள்விகள்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் ஒரு பட்டதாரிக்கு எம்.பி.ஏ. படிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிற வேலையை விட முடியாது. சென்னையிலோ கோவையிலோ தங்கிப் படிக்க வசதியும் இல்லை. அந்த நேரத்தில் செல்போனில் ‘வீட்டிலிருந்தே எம்.பி.ஏ.’ என்று விளம்பரம் வந்தால் மனசு சாயத்தான் செய்யும். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது ஃபீஸ் கட்டிவிடலாம் என்று தோன்றும்.

ஆசை தப்பில்லை. முறையாக அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டமும், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம்தான். 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதைத் தெளிவாகவே அறிவித்தது. ஆனால், அதில் ‘முறையாக’ என்ற சொல்தான் முக்கியம்.

அக்கம்பக்க மாவட்டங்களில் எத்தனையோ பேரைப் பட்டதாரி ஆக்கியது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே 1979 முதல் தொலைநிலைக் கல்வி நடக்கிறது. அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கே 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. அறிவித்தபோது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள்! பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு, குறிப்பிட்ட படிப்புக்கான அனுமதி வேறு என்பதுதான் இதில் உள்ள பாடம்.

அதனால், முதல் வேலையாக யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டுச் சேர்க்கை என்று பட்டியல் இருக்கும். தொலைநிலைக்கு ஒரு பட்டியல், ஆன்லைனுக்கு ஒரு பட்டியல். சேருவதற்கு வேண்டிய டி.இ.பி. ஐடியை மாணவரே அந்தத் தளத்தில் உருவாக்க வேண்டும். ‘எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், பாஸுக்கும் கேரண்டி’ என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அங்கீகாரம் இருந்தால் பட்டம் செல்லும். பாடம் நன்றாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-ல் ஆன்லைன் எம்.பி.ஏ. தொடங்கியது. அதில் பதிவு செய்த வீடியோக்கள் மட்டுமல்ல, பேராசிரியரோடு நேரலை வகுப்பு, குழுவாகச் செய்யும் வேலைகள் எல்லாம் உண்டு. 2019-ல், வளாகத்தில் நடந்த முழுநேர எம்.பி.ஏ.வை நிறுத்திவிட்டு ஆன்லைனிலேயே கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. ஆன்லைன் என்றாலே மட்டம் என்பதில்லை. மறுபக்கம் ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

அதனால் இதையெல்லாம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நேரலை வகுப்பு? சந்தேகம் கேட்டால் யார், எத்தனை நாளில் பதில் சொல்வார்? எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவார்களா, வெறும் மார்க் மட்டும்தானா? சிக்னல் சரியாகக் கிடைக்காத மலைக் கிராமங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பாடத்தை டவுன்லோடு செய்து வைத்துப் பிறகு பார்க்க முடியுமா?

புராஜெக்ட் எப்படி என்றும் விசாரியுங்கள். மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்தின் அளவை வைத்து விலை போடுகிறார்கள். விவசாயி, வியாபாரி, ஜவ்வரிசி ஆலை என்று கை மாறும்போது யாருக்கு எவ்வளவு நிற்கிறது? இந்தக் கணக்கை மாணவரே விசாரித்து எழுத, ஆசிரியர் அதைத் திருத்தித் தந்தால் அது எம்.பி.ஏ. படிப்பு. எங்கோ எழுதிய புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி ஒப்படைத்தால், மிஞ்சுவது காகிதம் மட்டும்தான்.

ஒரு வார வகுப்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே அங்கே படித்த இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ‘இன்றைக்கே கட்டினால்தான் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்துகிறார்களா? நகை வீட்டிலேயே இருக்கட்டும்.