டீசல் கார் வாங்கலாமா?

ஆவடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுகிறது. அடுத்த வீட்டுக்காரர், "டீசல் வண்டியே வாங்குங்க சார்! விலையும் குறைவு, மைலேஜும் அதிகம். போட்ட காசு தானாத் திரும்பி வந்துடும்" என்கிறார். அவர் சொல்வது சரிதானா? அறிவியலும் எட்டாம் வகுப்புக் கணக்கும் தெரிந்தால் நாமே விடை காணலாம்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் அது சூடேறும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இந்த உண்மையையே தம் எஞ்சினின் உயிராக ஆக்கினார். 1897இல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. அதில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்று ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை அமுக்கப்படுகிறது. அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. அப்போது பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினில் இந்த அமுக்கம் ஏறத்தாழ 10 மடங்குதான். அமுக்கம் கூடக் கூட, எரிபொருளின் வெப்பத்தில் கூடுதல் பகுதி வேலையாக மாறுகிறது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல் அதிகம். டீசல் கார் கூடுதல் தூரம் ஓடுவதன் இரகசியம் இதுதான்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் ஆவடியில் 1987இல் தொடங்கப்பட்ட எஞ்சின் தொழிற்சாலையில் இராணுவ டாங்கிகளுக்கான டீசல் எஞ்சின்கள் உருவாகின்றன. டி-72 டாங்கியின் எஞ்சின் 780 குதிரைத் திறன் கொண்டது. நாற்பது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு மலையை இழுக்கும் வலிமை டீசலுக்கு உண்டு. லாரி, பேருந்து, கப்பல் எல்லாம் டீசலை நம்புவதும் இதனால்தான். ஆகவே, டீசல் எஞ்சின் மட்டமானது என்று யாரும் சொல்ல முடியாது. டாங்கிக்குப் பொருந்துவது அப்பாவின் அலுவலகப் பயணத்துக்கும் பொருந்துமா என்பதே கேள்வி.

இனிக் கணக்குக்கு வருவோம். பெரும் அமுக்கத்தைத் தாங்க டீசல் எஞ்சினைக் கனமாகவும் உறுதியாகவும் செய்ய வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் வேண்டும். எனவே அதன் விலை அதிகம். ஒரே மாதிரிக் காரில் டீசல் வகைக்கு ரூ.1,25,000 கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் கார் 20 கிலோமீட்டரும் ஓடட்டும். 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்ட பின் சென்னையில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 101 ரூபாயாகவும் டீசல் ஏறத்தாழ 92 ரூபாயாகவும் இருந்தன.

பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 101 ÷ 16 = 6 ரூபாய் 31 காசு.
டீசல் காருக்கு 92 ÷ 20 = 4 ரூபாய் 60 காசு.
மிச்சம் 1 ரூபாய் 71 காசு.

கூடுதலாகக் கொடுத்த 1,25,000 ரூபாயை இந்த மிச்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 73,000 கிலோமீட்டர் வருகிறது. அத்தனை தூரம் ஓடிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். நம் அப்பா வேலைக்குப் போய்வர நாளுக்கு 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆண்டுக்கு 6,000. பொங்கலுக்கு ஊருக்குப் போவது, கல்யாணம் காட்சி என்று இன்னும் 2,000 சேர்த்தால் 8,000 கிலோமீட்டர். அப்படியானால் பணம் திரும்ப ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும்! நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காருக்கோ அதே பணம் பதினைந்தே மாதங்களில் திரும்பிவிடும். ஆக, டீசல் இலாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது காரன்று, அது ஓடும் தூரம்தான்.

பின் அடுத்த வீட்டுக்காரர் ஏன் அப்படிச் சொன்னார்? அவர் நினைவில் இருப்பது பழைய காலம். 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது, இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை-6 என்னும் கடுமையான புகை விதிகள் வந்தன. அவற்றுக்கேற்ப எஞ்சினை மாற்றும் செலவை எண்ணி மாருதி சுசுகி நிறுவனம் டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. அறிவுரை மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

ரூபாயில் அடங்காத செலவும் ஒன்று உண்டு. அது புகை. பீய்ச்சப்படும் டீசல் துளிகளின் நடுவே போதிய ஆக்சிஜன் சேராத இடங்களில் கரித்துகள்கள் உண்டாகின்றன. மிகுந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது.

நியாயமாகச் சொன்னால், புதிய வண்டிகள் பெரிதும் திருந்திவிட்டன. முன்பு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம், இப்போது 4.5 மில்லிகிராம்தான். புகைக்குழாயில் உள்ள வடிகட்டி துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. கரியமிலவாயுவும் கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் காரைவிடச் சற்றுக் குறைவே.

ஆனால் இங்கேதான் நம் பகுதிக்கு ஒரு சிக்கல். வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. வண்டி ஒரே சீராகச் சிறிது நேரம் ஓடினால்தான் அவ்வெப்பம் எளிதில் கிட்டும். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வண்டிக்கு இது வெகு எளிது. ஆவடியிலிருந்து அம்பத்தூருக்குச் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்ந்து செல்லும் வண்டிக்கு? கரி சேர்ந்துகொண்டே போகும்; எச்சரிக்கை விளக்கு எரியும்; பட்டறைக்குப் போக நேரும். மிச்சம் பிடித்த காசு அங்கே கரையும்.

என் கருத்து இதுதான். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவர் புதிய டீசல் கார் வாங்குவதில் நியாயம் உண்டு. நம் புறநகருக்குள்ளேயே ஓட்டப்போகும் குடும்பத்துக்கு அது வேண்டாம். விலை மலிவு என்று 2020க்கு முந்தைய பழைய டீசல் காரைத் தேடுவதும் வேண்டாம். அதன் புகைக்குழாய் பேருந்து நிறுத்தத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நிற்கும் சிறு குழந்தையின் மூக்குக்கு வெகு அருகில் இருக்கிறது. நமக்கு மிச்சமாகும் காசுக்கு அந்தக் குழந்தை விலை கொடுப்பது முறையாகுமா? ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வரை மின்சார ரயில் இருக்கிறது என்பதையும் அப்பாவுக்கு நினைவூட்டலாம்!

என் எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய எரிபொருள் விலையைக் கேட்டறிந்து, மேலே கண்ட கணக்கை நீங்களே போடுங்கள். அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். அடுத்த வீட்டுக்காரரின் சொல்லைவிட அது அவர்களுக்கு உறுதுணையாக இருக்கும்.