பாலத்தோடு நின்றுவிடும் காப்புறுதி

2018 டிசம்பர் விடுமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் அக்கா வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா என்பவர் என் பெரியப்பாவின் மகள். மலேசியரைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறியவர். பெரியம்மா மறைந்த பிறகு பெரியப்பாவும் பாதி நாள் ஈசூனில், பாதி நாள் ஸ்கூடாயில் என்று வாழத் தொடங்கியிருந்தார். பேரப்பிள்ளைகள் அங்கே, பழைய நண்பர்கள் இங்கே. நம்மில் பலருடைய குடும்பங்கள் இப்படித்தான் இரண்டு கரையிலும் கால் வைத்து நிற்கின்றன.

பத்து மணியளவில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது. அத்தான் கார் சாவியை எடுத்தார். பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய பெரிய மருத்துவமனை ஒன்று இருந்தது. ஆனால் பெரியப்பா என் கையைப் பிடித்து, "அங்க வேணாம் தம்பி. நம்ம காப்புறுதி இங்க செல்லாது. பாலத்தைத் தாண்டிட்டாப் போதும்" என்றார்.

நாங்கள் அவர் பேச்சைக் கேட்டோம். அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. விடுமுறை முடிந்து சிங்கப்பூர் திரும்பும் கார்கள் கடற்பாலத்தில் வரிசை பிடித்து நின்றன. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாலம் அது. வீட்டிலிருந்து சிங்கப்பூர் மருத்துவமனை வாசல்வரை இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. வந்தது மாரடைப்புதான். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, வலி எப்போது தொடங்கியது என்பது. இரண்டாவது கேள்வி, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்பது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை. இப்போது இரண்டு மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

அன்று நாங்கள் செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாரடைப்பில் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்க ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போவதே முறை. கட்டணத்தை நாங்கள் மூவரும் சேர்ந்து எப்படியாவது கட்டியிருப்போம். ஆனால் பெரியப்பா சொன்னது பொய்யும் அல்லவே! 1990இல் தொடங்கிய மெடிஷீல்டு, 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப் ஆனது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும்கூட, ஆயுள் முழுவதும் காப்புறுதி. நான் இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஏற்காதவற்றின் பட்டியலில் வெளிநாட்டுச் சிகிச்சையும் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஜொகூரும் சரி, பதினான்கு மணி நேரம் பறந்து சேரும் லண்டனும் சரி, இரண்டும் அதன் கண்ணில் ஒரே வெளிநாடுதான்.

தனியார் காப்புறுதி சேர்ந்த ஒருங்கிணைந்த திட்டங்கள் சிலவற்றில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு இடமுண்டு. வசதி உள்ளவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம். டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் அது இல்லை.

இந்தக் கதவை அடியோடு பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2010 மார்ச் முதல் மெடிசேவ் சேமிப்பை மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட சில மருத்துவமனைகளில் பயன்படுத்த அனுமதி வந்தது. மலாக்காவின் மாக்கோத்தா, ஜொகூரின் ரீஜென்சி ஆகியவை அவற்றில் சேரும். ஆனால் அது முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சைக்கு. சிங்கப்பூரில் உள்ள அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் மூலம் ஏற்பாடு செய்துகொண்டு போகவேண்டும். முழங்கால் அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு போகலாம். மாரடைப்புக்கு யார் நாள் குறிப்பது? நம்முடைய சொந்தச் சேமிப்பு பாலத்தைக் கடக்கலாம், எல்லாரும் சேர்ந்து சந்தா கட்டும் காப்புறுதி மட்டும் கடக்கக் கூடாது என்பது எனக்குப் புரியாத கணக்கு.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் பார்த்தேன். ஐரோப்பாவில் 2004 முதல் ஓர் அட்டை உண்டு. ஜெர்மானிய மாணவர் விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போய்க் காலை உடைத்துக்கொண்டால், அந்த அட்டையைக் காட்டி அந்நாட்டு மக்களுக்கு உள்ள அதே நிபந்தனையில் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். பிறகு நாடுகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியா 11 நாடுகளோடு பரஸ்பர மருத்துவ உடன்பாடு வைத்திருக்கிறது. பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி, குட்டி நாடான மால்ட்டாகூட அதில் உண்டு. நம் இரு நாடுகளும் இல்லை. பிரிட்டனோ வேறு வழியில் போகிறது: ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க வரும் மாணவரிடம் விசாவோடு சேர்த்து மருத்துவக் கூடுதல் கட்டணம் வாங்கிவிடுகிறது. 2024 பிப்ரவரியில் அது ஆண்டுக்கு 776 பவுண்டு ஆனது. பரிமாற்றத் திட்டத்தில் ஒரே பருவத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதற்குள் வருவதில்லை. அவர்கள் பயணக் காப்புறுதியை நம்பித்தான் போகிறார்கள். அதை வாங்கும்போது எத்தனை பேர் நிபந்தனைகளைப் படிக்கிறோம்? நான் படித்ததில்லை.

என்னோடு படித்த கூலாய் நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். மலேசியக் குடிமகனான அவனுக்கு ஊரில் அரசாங்க மருந்தகத்தில் 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். காய்ச்சல் என்றால் வெள்ளிக்கிழமை இரவே பேருந்து ஏறிவிடுவான். ஆனால் சிங்கப்பூரில் அவன் வெளிநாட்டவன். இங்கே அரசாங்க மானியம் கிடையாது, பல்கலைக்கழகக் குழுக் காப்புறுதிதான் துணை. அதேபோல் மலேசிய அரசாங்க மருத்துவமனையில் நாம் வெளிநாட்டவர். நமக்கு வேறு கட்டண அட்டவணை. அது நியாயமே. மலேசிய வரிப்பணத்தில் என் பெரியப்பாவுக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டவருக்குரிய கட்டணத்தை, அவர் ஆண்டுதோறும் சந்தா கட்டிய காப்புறுதி கொடுக்கட்டும் என்கிறேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வெளிநாட்டு மருத்துவமனையின் ரசீதைச் சரிபார்ப்பது கடினம், பொய்க் கோரிக்கைகள் வரும், சந்தா எல்லாருக்கும் ஏறும் என்பார்கள். முழு உலகத்துக்கும் விரித்தால் அப்படி ஆகலாம். அதனால்தான் நான் உலகத்தைக் கேட்கவில்லை. ஜொகூரில், அரசாங்க மருத்துவமனைகளில், உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சை, அதுவும் நோயாளியின் நிலை சீராகும் வரை. இவ்வளவுதான். தொகை உச்சவரம்பு இங்கே உள்ளதாகவே இருக்கட்டும். ஏற்கெனவே மெடிசேவுக்காக எல்லை தாண்டிக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை என்று நான் நம்பமாட்டேன்.

மேலும், எல்லை தாண்டி வரும் உழைப்புக்கு அரசாங்கம் விதி செய்யாமல் இல்லை. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி வாங்கவேண்டிய குறைந்தபட்ச மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலையில் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தானது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்படி விரைவு ரயில் பாதை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆட்களும் முதலீடும் வேகமாகக் கடக்க இவ்வளவு யோசித்தவர்கள், கடந்தவர் அந்தப் பக்கம் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதையும் அதே மேசையில் வைத்துப் பேசலாமே.

அதுவரை நம் பேரவை செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் தங்கும் விடுதி, பேருந்து, தமிழ்ச் சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு எங்கே என்ன காப்புறுதி செல்லும், எது செல்லாது, மலேசியாவில் அவசர எண் 999 என்பதையும் போடுங்கள். அதில் முதல் வரியாக, நெஞ்சு வலி என்றால் பாலத்தைத் தாண்ட நினைக்காதீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எழுதித் தர நான் தயார்.

பெரியப்பா இப்போதும் ஸ்கூடாய்க்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார். சென்ற மாதம் நான் போனபோது, வாசற்கதவை ஒட்டி ஆணியில் ஒரு சிறிய துணிப்பை தொங்கியது. உள்ளே அவருடைய கடப்பிதழ், மருந்துச் சீட்டு, பாலத்துக்கான காரின் கட்டண அட்டை. அக்காவிடம் கேட்டேன். "அப்பாதான் மாட்டி வச்சிருக்காரு. எடுத்தாத் திட்டுறாரு" என்றார்.